டிரில் வாங்கும் முன் சுவரைத் தட்டிப் பாருங்கள்

எந்த டிரில் வாங்கலாம் என்று யார் கேட்டாலும், உங்கள் வீட்டுச் சுவர் என்ன சுவர் என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பேன். பிராண்டைக் கேட்டால் இவள் சுவரை விசாரிக்கிறாளே என்று பலரும் முழிப்பார்கள். மும்பையில் வீட்டுக்கு வீடு சுவர் மாறுகிறது. செம்பூரில் நாங்கள் இருப்பது பழைய நாலு மாடிக் கட்டடம். தூணும் பீமும் கான்கிரீட், இடையில் செங்கல், அதன் மேல் தாராளமான பூச்சு. என் நாத்தனார் குடியேறியிருக்கும் முலுண்ட் டவரில் செங்கல் என்ற பேச்சே கிடையாது. அலுமினிய அச்சுகளை நிறுத்திச் சுவரையும் தளத்தையும் சேர்த்தே கான்கிரீட்டில் வார்க்கிறார்களே, மிவான் என்று, அந்த மாதிரிக் கட்டடம். வேறு சில புதுக் கட்டடங்களில் உள்சுவர்கள் ஏஏசி பிளாக்காக இருக்கும். அது எடை குறைந்த, உள்ளே காற்றுத் துளைகள் நிறைந்த கல்.

விரல் முட்டியால் தட்டினாலே பாதி தெரிந்துவிடும். மீதி தெரிய வேண்டுமானால் பீரோ மறைவில் சின்னதாக ஒரு ஓட்டை போட்டுத் தூளைப் பாருங்கள். சிவப்பாக வந்தால் செங்கல். வெளிர் சாம்பல் நிறத்தில், அழுத்தாமலே கொட்டிக்கொண்டு வந்தால் ஏஏசி. பூச்சு உதிர்ந்த கையோடு, டிரில் முனையில் மாட்டுகிற பிட் நின்ற இடத்திலேயே நின்று கத்த ஆரம்பித்தால் கான்கிரீட்.

நாத்தனார் மகன் புது வீட்டில் திரைச்சீலைக் கம்பி மாட்டுவதற்காக 12 வோல்ட் பேட்டரி டிரில் ஒன்றை ஆன்லைனில் வாங்கினான். சுத்தியல் படம் போட்ட மாடல்தான். நல்ல கம்பெனிதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாத்தனாரிடமிருந்து போன்.

“அண்ணி, இவன் ரொம்ப நேரமா அழுத்திக்கிட்டே நிக்கிறான். சுவத்துல ஒரு பருப்பு அளவுக்குத்தான் பள்ளம் விழுந்திருக்கு. டூப்ளிகேட் அனுப்பிட்டானோ?”

“டிரில் நல்லாத்தான் இருக்கும். பிட்டைத் தொட்டுப் பார்க்கச் சொல்லாதே, கை வெந்துடும். நான் வர்றேன்.”

அந்தச் சின்ன டிரில்லுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் கோபம் வராது. ஹாமர் குறியில் வைத்ததும், பல்லு பல்லாக வெட்டிய இரண்டு தட்டுகள் ஒன்றன் மேல் ஒன்று உரசிக்கொண்டு சுற்றும். ஒவ்வொரு பல்லும் ஏறி இறங்கும்போது பிட் முன்னால் ஒரு மயிரிழை நகரும். நிமிஷத்துக்குப் பல ஆயிரம் தட்டுகள். ஆனால் ஒவ்வொரு தட்டிலும் இருக்கிற பலம் உங்கள் கை அழுத்துகிற பலம்தான். செங்கலுக்கு அது தாராளம். ஜல்லி போட்டு வார்த்த கான்கிரீட் அதைச் சட்டை செய்யாது.

ரோட்டரி ஹாமர் என்பது வேறு சாதி. அதில் ஒரு பிஸ்டன் காற்றை அழுத்தி, அந்தக் காற்று ஒரு இரும்புக் குண்டைத் தள்ளி, குண்டு பிட்டின் பின்னால் அடிக்கும். அடிகளின் எண்ணிக்கை குறைவு, ஒவ்வொரு அடியும் கனம். இதைத்தான் ஜூல் கணக்கில் போடுவார்கள். என்னிடம் இருப்பது வயர் போட்ட பாஷ் ஜிபிஎச் 220. 720 வாட், 2 ஜூல். இதற்குப் பிட் மாட்ட, பிட்டைக் கவ்விப் பிடிக்கிற ‘சக்’ என்ற தாடையை முறுக்க வேண்டாம். 10 மில்லிமீட்டர் தண்டில் பள்ளம் வெட்டிய எஸ்டிஎஸ் பிளஸ் பிட்டைச் செருகினால் கிளிக் என்று உட்கார்ந்துவிடும். முன்னும் பின்னும் கொஞ்சம் ஆடும், ஆட வேண்டும், அப்போதுதான் அடி பிட்டுக்குப் போய்ச் சேரும். பாஷ் இதை 1975-இல் கொண்டுவந்தது. இன்றைக்கு எந்தக் கம்பெனி மிஷினிலும் எந்தக் கம்பெனி எஸ்டிஎஸ் பிளஸ் பிட்டும் பொருந்துகிறது.

அதை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு முலுண்ட் போனேன். பருப்பு அளவுப் பள்ளத்திலேயே பிட்டை வைத்து, பெரிதாக அழுத்தாமல், மிஷினைப் பிடித்துக்கொண்டு மட்டும் நின்றேன். பிட்டில் இன்சுலேஷன் டேப் சுற்றி அடையாளம் வைத்திருந்தேன், அந்த டேப் சுவரைத் தொடுவதற்குள் பையன் மொபைலில் வீடியோ எடுக்க ஆரம்பித்துவிட்டான். இன்னொரு ஓட்டையில் மட்டும் சத்தம் மாறியது. கரகரவென்று போய்க்கொண்டிருந்தது திடீரென்று கணீரென்று அதிர்ந்தது. உள்ளே கம்பி. கம்பியோடு மல்லுக்கட்டினால் பிட் முனையில் பதித்த கார்பைடு பெயர்ந்துவிடும். பிராக்கெட்டை ஒரு அங்குலம் தள்ளிப் போட்டோம். திரை போட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

ஆக, உங்களுடையது கான்கிரீட் சுவர் என்றால், சின்னப் பேட்டரி டிரில்லில் ஹாமர் வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். வருஷத்துக்கு நாலு ஓட்டைதான் போடுவீர்கள் என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எங்கள் தெருவில் ஓட்டைக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டுதான் வருகிறார். அந்தப் பணத்தையும் கணக்குப் பார்த்துவிட்டு, ஓட்டையும் போட்டு ஸ்க்ரூவும் இறக்குகிற, ஹாமர் இல்லாத நல்ல டிரில் டிரைவரை வாங்குங்கள். வீட்டில் நிஜமாகவே அதிகம் நடக்கிற வேலை சுவரில் அல்ல, மரத்தில். கழன்ற கீல், இறுகாத டிராயர் சேனல், பிளைவுட் ஷெல்ஃப், பால்கனிக் கொசுவலை ஃபிரேம், கட்டிலின் ஆடுகிற கால்.

நான் டிரில் பார்ப்பதெல்லாம் நாக்தேவி தெருவில். ஹார்பர் லைனில் செம்பூரில் ஏறினால் மஸ்ஜித் ஸ்டேஷன், மாறவே வேண்டாம். கிராஃபர்ட் மார்க்கெட் பக்கத்துச் சந்துகளில், கைவண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டே நடந்தால், பேரிங் மட்டும் விற்கிற கடை, சங்கிலி மட்டும் விற்கிற கடை, டிரில் பிட்டை எடை போட்டுக் கொடுக்கிற கடை என்று போய்க்கொண்டே இருக்கும். நான் வழக்கமாகப் போகும் கடை, தங்க நூல் கரை போட்ட வெள்ளைத் தொப்பியோடு உட்கார்ந்திருக்கும் ஒரு போரா முஸ்லிம் பெரியவருடையது. பெண்பிள்ளை டிரில் கேட்கிறாளே என்று அவர் முகத்தில் எந்த மாற்றமும் வராது. அதற்காகவே அங்கே போகிறேன் என்றும் சொல்லலாம்.

இந்தச் சந்துகளில் போய் வெறுமனே ‘இம்பாக்ட்’ என்று கேட்டால் ஹாமர் டிரில்லைத்தான் எடுத்து வைப்பார்கள், ஏனென்றால் இங்கே இம்பாக்ட் டிரில் என்றால் சுவரில் ஓட்டை போடுவது. இம்பாக்ட் டிரைவர் வேண்டும் என்றால் ‘ஸ்க்ரூ போடறது, ஹெக்ஸ் பிட் மாட்டறது’ என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பார்த்தாலே வித்தியாசம் தெரியும். டிரில்லுக்கு முன்னால் மூன்று தாடை உள்ள சக் இருக்கும். இம்பாக்ட் டிரைவரின் மூக்கு குட்டையாக, அறுகோண பிட் நுழைகிற கால் அங்குல ஓட்டையோடு, பின்னால் இழுத்துவிடுகிற ஒரு வளையத்தோடு இருக்கும்.

பெரியவர் ஒரு கட்டைத் துண்டைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்து நாலு அங்குல ஸ்க்ரூவைக் கொடுத்தார். முதலில் 12 வோல்ட் டிரில். பாதி தூரம் போனதும் ஸ்க்ரூ நின்றது, டிரில் என் மணிக்கட்டைத் திருகப் பார்த்தது. அப்புறம் அதே பேட்டரியைக் கழற்றி இம்பாக்ட் டிரைவரில் போட்டுக் கொடுத்தார். கொஞ்ச தூரம் சாதாரணமாகச் சுற்றியது, ஸ்க்ரூ முரண்டு பிடித்ததும் டரடரவென்று சத்தம், ஸ்க்ரூ தலை மரத்துக்குள் புதைந்துவிட்டது. மணிக்கட்டுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

உள்ளே இருப்பது ஒரு ஸ்பிரிங், சுற்றுகிற ஒரு கனமான இரும்பு, அது மோதுகிற ஒரு பட்டடை. ஸ்க்ரூ லேசாகப் போகிறவரை மூன்றும் சேர்ந்தே சுற்றும். இறுகியதும் இரும்பு ஸ்பிரிங்கை அழுத்திப் பின்வாங்கி, பட்டடையின் காதைத் தாண்டி, மறுபடி முன்னால் பாய்ந்து பக்கவாட்டில் அடிக்கும். துருவேறிய நட்டில் ஸ்பேனரை மாட்டி, ஸ்பேனர் வாலில் சுத்தியலால் தட்டுவோமே, அதே வேலை, நிமிஷத்துக்கு மூவாயிரம் தரம். அடி சுற்றுகிற திசையில்தான் விழுகிறது, சுவரை நோக்கி அல்ல. அதனால் சுவரில் ஓட்டை போட இம்பாக்ட் டிரைவரால் லாபமில்லை. ஸ்க்ரூ இறக்க, போல்ட் கழற்ற, அதுதான் ராஜா. பாஷ் 12 வோல்ட் வரிசையில் ஜிஎஸ்ஆர் 120 டிரில்லுக்கு அட்டையில் போட்டிருப்பது 30 நியூட்டன் மீட்டர், ஜிடிஆர் 120 இம்பாக்ட் டிரைவருக்கு 100. இரண்டும் ஒரே பேட்டரி. ஆனால் அந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். ஒன்று தொடர்ந்து திருகுகிற பலம், மற்றது அடித்து அடித்துச் சேர்க்கிற பலம்.

இவ்வளவு புகழ்ந்தும், இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் டிரில் டிரைவரைத்தான் சொல்வேன். காரணம் கிளட்ச். சக்குக்குப் பின்னால் எண்கள் போட்ட வளையம் இருக்கிறதே, அது அலங்காரத்துக்கு இல்லை. நீங்கள் வைத்த அளவுக்கு இறுகியதும் கடகடவென்று சத்தம் போட்டுச் சுற்றுவதை நிறுத்திவிடும். நம் வீட்டு அலமாரிகளில் பாதி பார்ட்டிகிள் போர்டு. மரத்தூளைப் பசை போட்டு அழுத்தியது. அதில் கீல் ஸ்க்ரூவை இம்பாக்ட் டிரைவரால் இறக்கினால், தலை உட்கார்ந்த பிறகும் விரல் எடுப்பதற்குள் ஒரு சுற்று கூடப் போய், உள்ளே மரை பொடிப்பொடியாகிவிடும். அப்புறம் அந்த ஓட்டையில் தீக்குச்சியும் ஃபெவிகாலும்தான்.

நான் செய்வது இப்படி. சமையலறைக் கதவு 18 மில்லிமீட்டர் போர்டு. மறைவுக் கீலின் கிண்ணத்துக்கு 35 மில்லிமீட்டர் வட்டம் வேண்டும். அதற்கென்றே ஒரு தட்டையான பிட் கிடைக்கும். டிரில்லின் மேலே உள்ள கியரை 1-இல் வைத்து, மெதுவாக, 12 மில்லிமீட்டர் ஆழத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கொஞ்சம் கூடப் போனால் மைக்காவைப் புடைத்துக்கொண்டு மறுபக்கம் எட்டிப் பார்க்கும். ஸ்க்ரூவுக்கு முதலில் மெல்லிய பிட்டால் வழி. பிறகு கிளட்சை 3, 4 என்று கீழேயே ஆரம்பித்து, தலை போர்டோடு சமமாக உட்காரவில்லை என்றால் ஒவ்வொரு எண்ணாக ஏற்றுவேன். ஒரு கீலில் எண் பிடிபட்டுவிட்டால் மீதிக் கதவுகளுக்கெல்லாம் அதே எண். இந்த வேலைக்கு ஒரு கிலோ எடை உள்ள 12 வோல்ட் டிரில்தான் சுகம். அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் 18 வோல்ட்டைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று, பிட் முனை. நட்சத்திரம் போலத் தெரிகிற ஸ்க்ரூ எல்லாம் ஒரே நட்சத்திரம் இல்லை. கடைகளில் கிடைக்கும் கறுப்பு ஸ்க்ரூவுக்கு பிஎச்2, அதாவது பிலிப்ஸ். ஐரோப்பியக் கீல்கள், நவி மும்பையில் 2020-இல் திறந்த ஐக்கியாவில் வாங்குகிற சாமான்கள், இவற்றில் பெரும்பாலும் பிஇசட்2, அதாவது போசிடிரிவ். தலையில் பெரிய கூட்டல் குறிக்கு நடுவே மெல்லிய கோடுகள் இன்னொரு கூட்டல் போட்டிருந்தால் அது பிஇசட். அதில் பிஎச் பிட்டை வைத்தால் நழுவி நழுவித் தலையை வழித்துவிடும், பழி டிரில் மேல் விழும். இரண்டு பிட்டும் சேர்த்து ஒரு தேநீர்ச் செலவு. வாங்கி வைத்துவிடுங்கள்.

சரி, வோல்ட் கணக்கு. எங்கள் கட்டடத்திலேயே ஒருவர் 88 என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த மலிவு டிரில் பெட்டி வைத்திருக்கிறார். 48 என்று போட்டதும் கிடைக்கிறது. அதைக் கையில் வாங்கிப் பேட்டரியைத் தூக்கிப் பார்த்தாலே தெரியும், 88 வோல்ட்டுக்கு உண்டான செல்கள் அதற்குள் நுழையவே நுழையாது. லித்தியம் செல் ஒன்றுக்கு 3.6 வோல்ட். மூன்று செல் சேர்த்தால் 10.8, அதைத்தான் 12 என்கிறார்கள். ஐந்து செல் சேர்த்தால் 18. அதே ஐந்து செல்லை, சார்ஜர் எடுத்த சூட்டோடு ஒவ்வொன்றும் 4 வோல்ட் என்று கணக்குப் போட்டால் 20, முழுச் சார்ஜின் உச்சமான 4.2 என்று போட்டால் 21. ஆகவே 18, 20, 21 என்று மூன்று பெட்டி முன்னால் இருந்தால் மூன்றுக்குள்ளும் ஐந்து செல்தான். பேட்டரியில் எவ்வளவு நேர வேலை இருக்கிறது என்று தெரிய வோல்ட்டை ஏஎச்சால், அதாவது பேட்டரி மேல் போட்டிருக்கும் ஆம்பியர் அவர் எண்ணால், பெருக்குங்கள். 18 வோல்ட் 2 ஏஎச் என்றால் 36 வாட் அவர். 10.8 வோல்ட் 2 ஏஎச் என்றால் 21.6. வீட்டு வேலைக்கு இந்தச் சின்னது இரண்டு இருந்தால் போதும், ஒன்று ஓடும்போது ஒன்று சார்ஜில் இருக்கும்.

நீங்கள் வாங்குவது டிரில் இல்லை, பேட்டரிக் குடும்பம். அடுத்து வாங்கப்போகிற மரம் அறுக்கிற ஜிக்சா, தேய்க்கிற சாண்டர், தூசி ஊதுகிற ப்ளோவர் எல்லாம் அந்தப் பேட்டரியைத்தான் கேட்கும். மக்கிதாவின் 18 வோல்ட் வரிசை 2005-இலிருந்து இருக்கிறது. அந்த மாதிரி நீண்ட நாள் நிலைத்த குடும்பமாகப் பாருங்கள். ஒரே கம்பெனிக்குள்ளும் கவனம் வேண்டும். பாஷில் வீட்டு உபயோகப் பச்சை ஒரு குடும்பம், தொழிலாளர்களுக்கான நீலம் இன்னொரு குடும்பம். இரண்டும் 18 வோல்ட் என்றாலும் பச்சைப் பேட்டரி நீலத்தில் ஏறாது.

பிரஷ்லெஸ், அதாவது உள்ளே கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார், வேண்டுமா என்று கேட்பார்கள். அதே பேட்டரியில் கூடுதல் நேரம் ஓடும், தலை கொஞ்சம் குட்டையாகும், நல்லதுதான். மாதத்தில் ஒரு ஞாயிறு எடுக்கிறவர்களுக்கு அவசியம் இல்லை. கார்பன் பிரஷ் தேய்ந்தால் நாக்தேவியில் எந்த ரிப்பேர்க் கடையிலும் சில்லறைக் காசில் மாற்றித் தருகிறார்கள். பிரஷ்லெஸ் மோட்டாரின் எலெக்ட்ரானிக் பலகை போனால் அந்தச் சில்லறைக் காசுக் கதை நடக்காது.

எனக்கு இம்பாக்ட் டிரைவர் தன் விலையைத் திருப்பிக் கொடுத்தது மும்பையில் இல்லை, ஊரில். ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமியார் வீட்டுக் கிணற்று மோட்டார், தகட்டோடு தரையில் நாலு போல்ட்டில் நிற்கிறது. எத்தனை மழை பார்த்த போல்ட்டோ. “அதைத் தொடாதேம்மா, வெல்டிங்காரனைக் கூப்பிட்டு அறுத்துடலாம்” என்றார் மாமனார். முந்தின நாள் ராத்திரியே எண்ணெய் விட்டு ஊறவைத்து, கால் அங்குல அடாப்டரில் சாக்கெட் மாட்டி, முதலில் இறுக்குகிற திசையில் ஒரு நொடி, பிறகு கழற்றுகிற திசையில் பிடித்தேன். மூன்று போல்ட் அழகாகச் சுழன்று வந்தன. நாலாவது கழுத்தோடு ஒடிந்தது. வெல்டிங்காரர் அந்த ஒன்றுக்காக வந்தார், காபி குடித்தார், இந்தக் குட்டி மிஷின் என்ன விலை என்று கேட்டுக்கொண்டு போனார்.

மதுரைக்கு விமானத்தில் எடுத்துப் போகிறவர்களுக்கு: மிஷின் செக்-இன் பெட்டியில், பேட்டரி மட்டும் கைப்பையில். தனிப் பேட்டரியைச் செக்-இன்னில் போடக் கூடாது. 100 வாட் அவருக்குள் இருந்தால் கைப்பையில் அனுமதி உண்டு. 18 வோல்ட் 5 ஏஎச் கூட 90தான், பயமில்லை. முனைகளின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள்.

மும்பை மழைக்காலம் பிட்டுகளுக்கு எமன். ஜூலையில் பெட்டியைத் திறந்தால் கறுப்பாக இருந்தவை எல்லாம் காவி கட்டியிருக்கும். தையல் மிஷின் எண்ணெய் தொட்ட பழைய துணியில் சுற்றி வைக்கிறேன். பேட்டரியைச் சார்ஜரிலேயே விட்டுவைப்பதில்லை, பாதிச் சார்ஜில் கழற்றி, காற்றாடும் இடத்தில் வைத்துவிடுவேன். எங்கள் கட்டடச் சொசைட்டியில் மதியம் இரண்டிலிருந்து நான்கு மணிவரை டிரில் சத்தம் கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். சின்ன டிரில் சத்தம் யாருக்கும் கேட்பதில்லை. இம்பாக்ட் டிரைவர் கேட்கும். பேட்டரியில் ஓடுவதுதானே என்று நினைத்து மதியத்தில் எடுத்தால் கீழ்வீட்டு மாமி மேலே வருவார். காதுக்கு நானே பஞ்சு வைத்துக்கொண்டுதான் ஓட்டுகிறேன்.

நாத்தனார் மகன் திரைச்சீலை விவகாரத்துக்குப் பிறகு டிரில்லைத் திருப்பி அனுப்பிவிடப் போகிறேன் என்றான். அனுப்பாதே, சுவருக்கு என் மிஷினை வாங்கிக்கொள், மர வேலைக்கு இது என்று சொன்னேன். அதை வைத்துக்கொண்டு ஒரு செருப்பு ஸ்டாண்டும் பால்கனியில் பெஞ்சும் செய்துவிட்டான். இப்போது பெஞ்சுக்கு நீள ஸ்க்ரூ இறக்கக் கை வலிக்கிறதாம், இம்பாக்ட் டிரைவர் வேண்டுமாம், பேட்டரி, சார்ஜர், பெட்டி எல்லாம் சேர்ந்த செட்டின் படத்தை அனுப்பி எது நல்லது என்று கேட்கிறான். செட் வேண்டாம்டா, நீ வைத்திருக்கிற குடும்பத்திலேயே பேட்டரி இல்லாமல் பாடி மட்டும் கொடுங்கள் என்று கேள் என்று பதில் போட்டிருக்கிறேன். சனிக்கிழமை மஸ்ஜித் வருகிறேன் என்கிறான்.